மிளகால் முடிந்த போர்

குளச்சலில் ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. 1741ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை வென்றதற்கான நினைவுச் சின்னம் அது. குமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இந்தக் கதை தெரியும். தோற்றுச் சரணடைந்த டி லனாய் பின்னர் மன்னரிடமே பணிக்குச் சேர்ந்து, படையைப் புதுமுறையில் பயிற்றுவித்து, 'வலிய கப்பித்தான்' ஆகி, 1777ல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானதும் தெரியும். ஒரு நாவலுக்குரிய எல்லா அம்சங்களும் கொண்ட கதை என்பதால் அது நம் நினைவில் நன்றாகவே தங்கிவிட்டது.

ஆனால் அந்தப் போர் 1741ல் முடியவில்லை. முறைப்படி முடிவதற்கு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1753 ஆகஸ்டில் மாவேலிக்கரையில் உடன்படிக்கை கையெழுத்தான பின்பே திருவிதாங்கூருக்கும் கம்பெனிக்கும் சமாதானம் ஏற்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கம்பெனியை அந்த உடன்படிக்கை வரை இழுத்து வந்ததில் பீரங்கியின் பங்கைவிட மிளகின் பங்கு பெரிது. நாஞ்சில்நாட்டில் அதை நல்லமிளகு என்போம். நல்லமிளகைக் கொடுக்க மறுத்து ஒரு போரை முடித்த கதைக்கு எங்கும் தூண் கிடையாது. இன்று 'பொருளாதாரத் தடை' என்ற சொல் நாள்தோறும் செய்திகளில் அடிபடும்போது, அந்தக் கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது என்று தோன்றுகிறது.

குளச்சலிலிருந்து கடலோரமாகவே கிழக்கே வந்தால் மண்டைக்காடு, கடியப்பட்டணம், முட்டம் ஆகியவற்றைக் கடந்து இராஜாக்கமங்கலம் வரும். அங்கிருந்து வடகிழக்கே கொஞ்ச தூரத்தில் கோட்டாறு. 1741ன் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. கடலோரத்தைச் சூறையாடியபின், குளச்சலுக்கும் கோட்டாற்றுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்து, கல்குளத்தை நோக்கி நகர்ந்தது. அதாவது இராஜாக்கமங்கலத்தைச் சுற்றிய இந்தக் கரைதான் அன்று போர்க்களத்தின் விளிம்பு. ஆனால் இந்தக் கரையில் மிளகு விளைவதில்லை. மீனும் தென்னையும் உப்பும் கொண்ட பூமி இது. சற்று வடக்கே சென்றால் நெல்வயல்கள். தாங்கள் பயிரிடாத ஒரு கொடிக்காக, தாங்கள் பார்த்திராத ஒரு நாட்டு வணிகர்களிடம் இந்த மக்கள் அடிபட்டார்கள். பொருளாதாரத்தைக் கொண்டு நடத்தப்படும் போர்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு கரை இருக்கும்.

*

டச்சுக்காரர்கள் 1663ல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினார்கள். அதன்பின் கேரளக் கரையின் சிற்றரசர்களோடு ஒவ்வொருவராக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒப்பந்தங்களின் சாரம் ஒன்றேதான்: மிளகை எங்களுக்கு மட்டுமே விற்கவேண்டும், நாங்கள் குறித்த விலைக்கே விற்கவேண்டும். கடலில் செல்லும் உள்ளூர்க் கப்பல்கள் கம்பெனியிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். ஆகவே வணிகத்தை ஆயுதமாக்கும் வித்தையை இந்தக் கரையில் மார்த்தாண்டவர்மா கண்டுபிடிக்கவில்லை. எண்பது ஆண்டுகளாகக் கம்பெனி இங்கே நடத்திக் காட்டியதை அவர் கற்றுக்கொண்டு, திருப்பிப் பிடித்தார்.

அந்த ஒப்பந்தங்கள் நிலைத்ததற்குக் காரணம் கரை முழுவதும் சிறு சிறு நாடுகளாகச் சிதறிக் கிடந்ததுதான். கொல்லம், காயங்குளம், புறக்காடு, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி அரசு. ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் வாங்கலாம். ஒருவருக்கு எதிராக இன்னொருவரைத் தூண்டலாம். 1729ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்டவர்மா இந்தச் சிறு நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கியபோது கம்பெனி விழித்துக்கொண்டது. இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்ஹோஃப் 1739ல் மலபார் வந்து நிலைமையைப் பார்வையிட்டு, படைநடவடிக்கை தேவை என்று பரிந்துரைத்தார். கொட்டாரக்கரையைத் தலைநகராகக் கொண்ட இளையிடத்து ஸ்வரூபத்தை அதன் ராணியிடமே திரும்ப ஒப்படைக்கவேண்டும் என்று அவர் மன்னரை மிரட்டியதாகவும், அப்படிப் படை வந்தால் நானும் என் மீனவர்களின் வள்ளங்களில் ஐரோப்பாவுக்குப் படையெடுத்து வருவதைப் பற்றி யோசிக்கவேண்டியிருக்கும் என்று மன்னர் பதிலளித்ததாகவும் திருவிதாங்கூர் வரலாறுகள் கூறுகின்றன. கேலிப் பேச்சுதான். ஆனால் கப்பல் இல்லாத அரசன் கடலை ஆளும் கம்பெனியை எதைக்கொண்டு தாக்கமுடியும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

குளச்சல் போரிலேயே அதற்கான முதல் விடை கிடைத்துவிட்டது எனலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கரையில் கப்பல் அணைவது கடினம். ஜாவாவில் 1740ல் சீனர்களைக் கொன்று குவித்ததைத் தொடர்ந்து மூண்ட போரில் கம்பெனி சிக்கிக்கிடந்ததால் பட்டாவியாவிலிருந்து துணைப்படையும் வரவில்லை. குளச்சலில் முற்றுகைக்குள் சிக்கிய டச்சுப் படையின் காவலிடத்தில் தீப்பற்றி அரிசி இருப்பு எரிந்துபோயிற்று. 1741 ஆகஸ்டின் முதல் நாட்களில் அவர்கள் சரணடைந்தார்கள். எதிர்த்து நின்ற மன்னருக்கோ பின்னால் நாஞ்சில்நாடு இருந்தது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் அது. கடலை மூடினாலும் பட்டினி போடமுடியாத நாடு ஒன்று மன்னரிடம் இருந்தது. கம்பெனியின் படையிடம் இருந்ததோ ஒரு கிடங்கு அரிசி மட்டுமே.

*

ஆனால் ஒரு படைப்பிரிவைப் பட்டினி போட்டு வெல்வது வேறு, ஒரு பேரரசுக் கம்பெனியைச் சமாதானத்துக்குக் கொண்டுவருவது வேறு. குளச்சலுக்குப் பிறகும் கொச்சியில் டச்சுக் கோட்டை இருந்தது, கொல்லத்தில் இருந்தது. கடல் அவர்களுடையதாகவே இருந்தது. காயங்குளம் முதலான நட்பு அரசர்களும் இருந்தார்கள். 1742ல் கிளிமானூர்க் கோட்டை அறுபத்தெட்டு நாள் தாக்குப்பிடித்தபின்னரே திருவிதாங்கூர் வசமாயிற்று. இடையிடையே சமாதானப் பேச்சுகளும் நடந்தன, முடிவு எட்டப்படவில்லை.

1743ல் மார்த்தாண்டவர்மா மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக அறிவித்தார். இனி விளைந்த மிளகை அரசின் பண்டகசாலைக்கே கொடுக்கவேண்டும், அரசு குறித்த விலைக்கே கொடுக்கவேண்டும். வெளியார் எவரும் விவசாயியிடமோ இடைவணிகரிடமோ நேரடியாக வாங்கக்கூடாது. தளவாய் ராமய்யன் மாவேலிக்கரையில் இருந்துகொண்டு இந்த ஏற்பாட்டை நடத்தினார். கள்ளக்கடத்தலைத் தடுக்கச் சவுக்கைகள் அமைந்தன. காயங்குளமும் புறக்காடும் 1746லும், தெக்கும்கூரும் வடக்கும்கூரும் 1749, 1750 ஆண்டுகளிலும் திருவிதாங்கூரோடு இணைக்கப்பட்டன. ஒவ்வொரு நாடு வீழ்ந்தபோதும் டச்சுக்காரர்களின் ஒரு நண்பர் மறைந்தார் என்பது ஒரு பக்கம். அவர்களுக்கு மிளகு தந்துகொண்டிருந்த ஒரு ஊற்று அடைபட்டது என்பதே முக்கியமான பக்கம். அந்தப் படையெடுப்புகளைத் தூய நில ஆசையாகப் பார்ப்பவர்கள், அவை மிளகு விளையும் மலையடிவாரங்களை நோக்கியே நகர்ந்தன என்பதைக் கவனிக்கவேண்டும்.

மலபார் வணிகத்தைப் பற்றி 1967ல் நூல் எழுதிய வரலாற்றாய்வாளர் அசீன் தாஸ்குப்தா இந்த ஏகபோகத்தை ஒரு பெரிய திருப்பமாகக் காண்கிறார். அதுவரை கரையின் வணிகத்தை நடத்தியவர்கள் பல சமூகங்களைச் சேர்ந்த வணிகர்கள். அவர்கள் எல்லா அரசர்களோடும் எல்லாக் கம்பெனிகளோடும் பேசத் தெரிந்தவர்கள். அரசே வணிகனாகிவிட்டபோது அவர்கள் அரசின் முகவர்களாகச் சுருங்கினார்கள், அல்லது விலகிப்போனார்கள்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. கம்பெனிக்கு சுமத்ரா, பாண்டன் முதலிய இடங்களிலிருந்தும் மிளகு வந்துகொண்டிருந்தது. மலபார் மிளகு இல்லாவிட்டால் ஆம்ஸ்டர்டாம் சந்தை மூடிவிடாது. பிறகு ஏன் அது பணிந்தது? விடை இரண்டு விஷயங்களில் இருக்கிறது.

ஒன்று, மலபாரில் கம்பெனி வைத்திருந்த கோட்டைகள், காவற்படைகள், ஊழியர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நியாயம் மிளகுதான். மிளகு வராத கோட்டை வெறும் செலவு. ஓர் அரசனாக இருந்தால் மானத்துக்காக அந்தச் செலவைத் தாங்கியிருப்பான். கம்பெனி பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டிய அமைப்பு. அதற்கு மானம் உண்டு, ஆனால் அது பேரேட்டின் கடைசிப் பத்தியில்தான் வரும்.

இரண்டு, அஞ்சுதெங்கு. அங்கே ஆங்கிலேயர்களின் கோட்டை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருந்தது. 1723ல், இளவரசராக இருந்தபோதே, மார்த்தாண்டவர்மா அவர்களோடு ஒப்பந்தம் செய்திருந்தார். டச்சுக்காரர்களுக்கு மறுக்கப்பட்ட மிளகு அழுகிக் கிடக்கவில்லை. அது ஆங்கிலேயருக்குப் போயிற்று. பதிலுக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்தன. தான் பட்டினி கிடந்து எதிரியைப் பட்டினி போடுகிறவன் நெடுநாள் தாங்கமாட்டான். மார்த்தாண்டவர்மா கதவை அடைத்தபோது அவருக்கு இன்னொரு வாசல் திறந்திருந்தது. தனக்கு வராத மிளகு போட்டியாளனின் கப்பலில் ஏறுவதைக் கொச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்ததுதான் கம்பெனிக்கு உண்மையான தண்டனை.

*

1753ன் மாவேலிக்கரை உடன்படிக்கையைப் பார்த்தால் அது ஒரு சமாதான ஆவணம் போலவே இல்லை, கொள்முதல் ஒப்பந்தம் போல இருக்கிறது. திருவிதாங்கூரின் அப்போதைய எல்லைக்குள் விளையும் மிளகில் 3,000 கண்டி, கண்டிக்கு 65 ரூபாய் விலையில். இனி வெல்லப்போகும் நாடுகளிலிருந்து 2,000 கண்டி, 55 ரூபாய் விலையில். கண்டி என்பது ஏறத்தாழ ஐந்நூறு இராத்தல். மொத்தத்தில் ஆண்டுக்கு மூன்று லட்சத்து ஐயாயிரம் ரூபாய் பெறுமான மிளகு. கம்பெனி தன் பங்குக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய்க்குப் போர்த்தளவாடங்களைக் கொள்முதல் விலைக்கே மன்னருக்குத் தரவேண்டும். மலபாரின் மற்ற அரசர்களோடு அது செய்திருந்த ஒப்பந்தங்களை விட்டு விலகவேண்டும். மன்னர் அவர்களைத் தாக்கினால் தலையிடக்கூடாது.

'இனி வெல்லப்போகும் நாடுகள்' என்ற சொற்களை இன்னொரு முறை வாசிக்கலாம். இன்னும் வெல்லாத நாடுகளின் மிளகு முன்கூட்டியே விலை பேசப்படுகிறது, அதற்குக் குறைந்த விலை. அந்த நாடுகளின் பழைய காவலனே அதில் கையெழுத்திடுகிறான். மறு ஆண்டே, 1754ல், கொச்சி அரசரும் அவரோடு சேர்ந்தவர்களும் அம்பலப்புழைப் பகுதியில் நடந்த போரில் திருவிதாங்கூரிடம் தோற்றார்கள். டச்சுக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு போரை முடித்த சமாதானம் இன்னொரு போருக்கு வழிவிட்டது.

இருந்தாலும் அரசதந்திரம் என்ற அளவில் இது அபூர்வமான வெற்றி என்பதில் ஐயமில்லை. அதன் சூட்சுமம் அடைத்ததில் மட்டும் இல்லை, திறந்ததில் இருக்கிறது. மார்த்தாண்டவர்மா கம்பெனியிடம் "போய்விடு" என்று சொல்லவில்லை. "வா, வாங்கிக்கொள், என் விலைக்கு, என்னிடமிருந்து" என்றார். எதிரி தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே வெளியேறுவதற்கு ஒரு வாசலை வைத்திருந்தார். கம்பெனி அதிகாரிகள் பட்டாவியாவுக்கு எழுதும்போது ஒரு தோல்வியை அல்ல, ஐயாயிரம் கண்டி மிளகைக் கணக்குக் காட்டமுடிந்தது.

*

பிற்காலத்துத் தடைகள் பலவும் தோற்றது இந்த அம்சங்களில் ஏதோ ஒன்று இல்லாததனால்தான். 1935 அக்டோபரில் முசோலினி அபிசீனியாவைத் தாக்கியபோது சர்வதேச சங்கம் இத்தாலிமீது தடை விதித்தது. ஆனால் எண்ணெய் அந்தப் பட்டியலில் இல்லை, அமெரிக்கா அந்தச் சங்கத்திலேயே இல்லை. ஊற்று கையில் இல்லாத தடை அது. 1936 மே மாதம் அடிஸ் அபாபா வீழ்ந்தது; ஜூலையில் தடை விலக்கப்பட்டது. 1941ல் அமெரிக்கா ஜப்பானுக்கு எண்ணெயை நிறுத்தியபோது ஊற்று கையில் இருந்தது, ஆனால் ஜப்பானின் ராணுவத் தலைமை தன்மானம் இழக்காமல் வெளியேற வாசல் இருப்பதாக நினைக்கவில்லை. டிசம்பரில் பெர்ல் துறைமுகம் எரிந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின் மேற்கு நாடுகள் விதித்த தடைகளில் அஞ்சுதெங்கு எதிர்ப்பக்கத்தில் அமைந்துவிட்டது. தடைக்கு ஆளான ரஷ்யாவுக்கே வேறு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். அவர்களில் நாமும் ஒருவர். போருக்கு முன் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு மிகச் சிறியது. 2023ல் அது மூன்றில் ஒரு பங்கை எட்டியது.

தமிழர்களுக்கு இந்த விஷயம் இன்னும் அருகில் இருக்கிறது. இலங்கையின் வடக்குக்கு 1990லிருந்து விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையை யாழ்ப்பாணத்துக்காரர் எவரும் மறந்திருக்கமாட்டார். எரிபொருளும் உரமும் மின்கலமும் சவர்க்காரமும் தடைப்பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை படித்து வளர்ந்தது. அந்தத் தடை போரை முடித்ததா? பன்னிரண்டு ஆண்டுகளும் போர் நடந்தது. தடையின் சுமை ஆயுதம் ஏந்தியவர்கள்மீது விழுந்ததைவிட அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள்மீதே அதிகம் விழுந்தது. 2002ன் தொடக்கத்தில் போர்நிறுத்தத்தை ஒட்டித் தடை விலக்கப்பட்டபோதுதான் அது முதல்முறையாகச் சமாதானத்துக்குப் பயன்பட்டது. போட்டபோது அல்ல, எடுத்தபோது. பின்னர், போர் பேரழிவில் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011 ஜூன் 8 அன்று, இலங்கைமீது பொருளாதாரத் தடை விதிக்குமாறு மத்திய அரசைக் கோரித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தின் தார்மீக வலிமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பண்டகசாலையின் சாவி சென்னையில் இல்லை, டெல்லியில் இருந்தது. டெல்லி அதைத் திருப்பவில்லை.

*

இனி இந்தக் கதையின் கசப்பான பகுதி. மார்த்தாண்டவர்மாவின் தடையால் டச்சுக்காரர்கள் பட்ட கஷ்டம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மிளகுக்கொடி வளர்த்தவர்கள் பட்ட கஷ்டத்துக்கு அப்படிப் புத்தகம் ஏதும் இல்லை. முன்பு டச்சுக்காரனுக்கு விற்கப் பிடிக்காவிட்டால் ஆங்கிலேயனுக்கு விற்கலாம்; இருவரும் வேண்டாமென்றால் பொதிமாட்டில் ஏற்றி மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் அனுப்பலாம். ஏகபோகத்துக்குப் பின் அவர்களுக்கு ஒரே வாங்குபவர், அவரே அரசர், அவரே நீதிபதி. கம்பெனியின் குறைந்த விலையை எதிர்த்து எழுந்த ஆயுதம், அரசு குறித்த குறைந்த விலையாக அவர்கள் தலையிலேயே இறங்கியது. அதைத் தாண்டி விற்றவன் கள்ளக்கடத்தல்காரன் ஆனான்.

நாஞ்சில்நாட்டு மக்களுக்கு மறுப்பு என்னும் ஆயுதம் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாஞ்சில்நாட்டார் கூட்டம் கூடி, கொடுமை நீங்கும்வரை வரி செலுத்துவதில்லை என்று முடிவெடுத்ததற்கு ஆவணங்கள் இருக்கின்றன. அது விளைவித்தவனே கையை மூடிக்கொண்ட மறுப்பு. நெல் அவனுடையது, இழப்பும் அவனுடையது, எப்போது கையைத் திறப்பது என்ற முடிவும் அவனுடையது. மிளகுத் தடையில் பொருள் ஒருவனுடையது, மறுக்கும் உரிமை இன்னொருவனுடையது. இன்றைய தடைகளும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவைதான். முடிவெடுப்பவர் வேறு, பட்டினி கிடப்பவர் வேறு.

இதில் மறக்கக்கூடாத ஓர் ஆண்டு உண்டு. மிளகு ஏகபோகம் திவான் மாதவராவ் காலத்தில், 1860ல்தான் கைவிடப்பட்டது. 1753ல் போர் முடிந்தது. 1795ல் ஆங்கிலேயர் கொச்சியைப் பிடித்ததோடு மலபாரில் டச்சுக்காரர்களின் காலமும் முடிந்தது. எவருக்கு எதிராக அந்த ஏற்பாடு செய்யப்பட்டதோ அவர்கள் போய் அறுபத்தைந்து ஆண்டுகள் ஆன பின்னும் மலையோரத்து விவசாயி பண்டகசாலையின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அரசுக்கு வருவாய் வந்துகொண்டிருந்தது, ஆகவே அவசரம் ஏதும் இருக்கவில்லை.

போரை முடிக்கத் தடை உதவுமா என்று கேட்டால், உதவும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றை எடுத்துக்காட்டுகிறவர்கள் அதன் இரண்டு தேதிகளையும் சேர்த்தே சொல்லவேண்டும். எதிரிக்குக் கதவு 1753ல் திறந்தது. சொந்தக் குடிகளுக்கு அது திறக்க மேலும் நூற்றேழு ஆண்டுகள் ஆயின.